காளீஸ்வரனோடு போன கடல்கள்

காளீஸ்வரன் செத்துப்போன சேதி டீக்கடை மாரிச்சாமி மூலமாக எனக்கு வந்தது. பந்தல்குடி ஸ்கூலில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பானை வரையச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். "டீச்சர், எடை மேடைக்காரரு போயிட்டாரு. சேர்ல உக்காந்தவாக்குலயே போயிட்டாரு" என்றார். எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு என்னை நல்லவள் என்று நினைத்து யாரும் ஏமாற வேண்டாம். என் படங்களெல்லாம் அவர் வீட்டில் இருக்கின்றனவே என்றுதான் தோன்றியது. அழுகை அதற்கப்புறம் வந்தது. பிள்ளைகள் பாட்டுக்குப் பானைக்குக் கழுத்து வரைந்துகொண்டிருந்தார்கள்.

படங்கள் என்றால் தபால் அட்டைகள். நூறு வருஷத்துக்கு முந்தி பிரான்சில் அச்சடித்தவை. அந்த நாட்டு ஓவியர்கள் தங்கள் கடற்கரையைப் பார்த்து வரைந்த ஓவியங்களை அட்டையாகப் போட்டு, கடற்கரைக்கு வந்தவர்களுக்கு விற்றிருக்கிறார்கள். வாங்கியவர்கள் பின்பக்கம் நாலு வரி கிறுக்கி ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதில் கொஞ்சம் பாண்டிச்சேரிக்குக் கப்பலேறி வந்து, வீடு வீடாகக் கைமாறி, கடைசியில் பழைய சாமான் கடைகளில் ஓட்டைக் கடிகாரத்துக்கும் உடைந்த ஃபேனுக்கும் நடுவே கிடக்கிறது. அதைத் தேடிப்பிடித்துச் சேர்க்கிற பைத்தியங்கள் இந்த உலகத்தில் நிறையப் பேர் உண்டு. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்தில் ரெண்டு பேர். ஒன்று நான், இன்னொன்று காளீஸ்வரன்.

நான் கும்பகோணத்தில் ஓவியம் படிக்கும்போது பாண்டிச்சேரிக்கு டூர் போன இடத்தில் ஒன்று வாங்கினேன். அப்படித்தான் எனக்குத் தொற்றியது. அவர் லாரி ஓட்டியவர். பாண்டிச்சேரிக்கு லோடு இறக்கப் போனபோது, ரோட்டோரக் கடையில் வெள்ளைப் பாறையும் பாய்மரப் படகுமாக ஒன்றைப் பார்த்து, ஏன் என்று தெரியாமலே வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாராம். அப்புறம் முதுகு போய்விட்டது. லாரியை விட்டுவிட்டு, தூத்துக்குடி ரோட்டில் ஒரு எடை மேடையில் உட்கார்ந்தார். லாரி வந்து மேடையில் ஏறும். எடை பார்த்துச் சீட்டுக் கிழித்துக் கொடுக்க வேண்டும். அடுத்த லாரி வரும்வரை சும்மா இருக்க வேண்டும். படம் பார்ப்பதற்கு அதைவிட நல்ல உத்தியோகம் கிடையாது.

ஸ்கூலில் பழைய பரீட்சைப் பேப்பர்களைக் கழித்துப் போட்டபோது, வண்டியோடு போய் எடை பார்த்துவிட்டு வா என்று ஹெட்மாஸ்டர் என்னை அனுப்பினார். பகுதிநேர டிராயிங் டீச்சர் என்றால் இப்படிப்பட்ட வேலைக்கெல்லாம் முதலில் ஞாபகம் வருகிற ஆள். எடை மேடைக் கண்ணாடி அறையில் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அந்த வெள்ளைப் பாறை இருந்தது. மதுரை மீனாட்சி கோயில் காலண்டருக்குப் பக்கத்தில். "இது நார்மண்டியாச்சே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் சீட்டு எழுதுவதை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "ஊரா டீச்சர் அது? நான் படம் போட்ட ஆளு பேருன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

அதிலிருந்து ஸ்கூல் விட்டுப் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் எடை மேடைக்குப் போவது வழக்கமாகிவிட்டது. நாலு பக்கமும் கண்ணாடி. ரோட்டில் போகிற அத்தனை பேருக்கும் நாங்கள் உட்கார்ந்திருப்பது தெரியும். மாரிச்சாமி ரெண்டு டீ கொண்டுவந்து வைப்பார். நாங்கள் படம் பார்ப்போம். பாண்டிச்சேரிக் கடைக்காரர் புதிதாக வந்ததைப் போனில் அனுப்பியிருப்பார். அதை வாங்கலாமா, மூலை மடங்கியிருக்கிறதே, சாயம் வெளுத்திருக்கிறதே என்று பேசுவோம். வேறு என்ன பேசினோம் என்று கேட்டால், வேறு ஒன்றும் பேசவில்லை. அவர் மேல் எனக்கு ஆசை இருந்ததா என்று கேட்டால், இருந்தது. போதுமா? நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் ஒரு ஆணோடு பேச வேண்டுமென்றால் ஏதாவது ஒரு முறை வேண்டும். அண்ணே, தம்பி, சித்தப்பா, மாமா. பஸ் கண்டக்டரைக்கூட அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். இத்தனை வருஷத்தில் நான் காளீஸ்வரனை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அண்ணே என்று சொல்ல நாக்கு வரவில்லை. பேர் சொல்லக் கூடாது. அதனால் நேராக விஷயத்துக்கே வந்துவிடுவேன். அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியாது.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. படங்களை மேஜை மேல் வரிசையாக வைத்து, கடலும் வானமும் தொடுகிற கோடு ஒன்றோடு ஒன்று சேருகிற மாதிரி மேலும் கீழும் நகர்த்துவார். அவர் படம் ஒன்று, என் படம் ஒன்று, மறுபடியும் அவருடையது. எடை பார்த்துப் பழகிய கண். இம்மி பிசகாது. எல்லாம் சேர்ந்ததும் மேஜையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் ஒரே கடலாகிவிடும். பாதியில் சூரியன் உதிக்கும், பாதியில் மழை பெய்யும். அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பார்.

நம் கடல் கூப்பிடுகிற தூரத்தில்தானே இருக்கிறது, சாயல்குடி தாண்டினால் வந்துவிடுமே, அதை விட்டுவிட்டு இதை ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். அவர் சிரித்தார்.

"நம்ம கடலுக்குப் போனா ஒண்ணு சாமி கும்புடணும், இல்ல சாம்பல் கரைக்கணும். சும்மா நின்னு பாத்தா, என்னப்பா வீட்ல எதும் பிரச்சனையாம்பாங்க. இங்க யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க டீச்சர்" என்றார்.

என் படங்கள் அவர் வீட்டுக்குப் போனதற்குக் காரணம் மழை. திருச்சுழியில் என் அப்பா விட்டுப்போன ஓட்டு வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். வருஷம் பூராவும் காய்கிற ஊர். ஐப்பசி கார்த்திகையில் மட்டும் பெய்யும். பெய்கிறது அத்தனையும் என் வீட்டுக்குள் பெய்யும். ஒரு வருஷம் ஒழுக்கில் ரெண்டு படம் நனைந்து கூழாகிவிட்டது. அதைக் கேட்டதும் காளீஸ்வரன், என் வீடு மெத்தை வீடு, காங்கிரீட்டுக் கூரை, ஒழுகாது, மழை முடிகிறவரைக்கும் அங்கே இருக்கட்டும் என்றார். அதிலிருந்து ஐப்பசி பிறந்தால் அவரிடம் கொடுப்பேன், மார்கழியில் வாங்கிக்கொள்வேன். அவர் இறந்தது கார்த்திகையில்.

மகன் திருப்பூரிலிருந்து வர வேண்டும், மறுநாள் மத்தியானம்தான் எடுப்பார்கள் என்றார்கள். காலையில் நரிக்குடி பஸ்ஸில் ஏறி அவர் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கினேன். மழை பெய்து கரிசல் செருப்பைப் பிடித்து இழுத்தது. இரண்டு பக்கமும் மிளகாய் நாற்று நட்டிருந்தார்கள். எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். இன்றைக்குக் கேட்க முடியாது. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து வந்து, இந்த மாதிரி, என் படங்கள் கொஞ்சம் இங்கே இருக்கிறது என்று சாதாரணமாகச் சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். அவருடையதும் என்னுடையதும் கலந்து கிடக்கும். எது எது என்று எனக்குத் தெரியும். அவருடையதிலும் ஒன்றிரண்டை அவர் மனைவி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. இப்படியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு ஒரு சாவு வீட்டுக்குப் போனேன்.

கொட்டுச் சத்தம் தூரத்திலேயே கேட்டது. பந்தலில் அவரை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள், தாடையைச் சேர்த்து நாடிக்கட்டுக் கட்டி. முகம் அவர் முகமாகவே இல்லை. பெண்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்து கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் இருந்த ஒரு பொம்பிளை மூக்கைச் சிந்திவிட்டு, "நீங்க என்ன முறை வேணும்?" என்று கேட்டாள். பந்தல்குடி ஸ்கூல் டீச்சர் என்றேன். அது அவள் கேட்டதற்குப் பதில் இல்லை. எங்கள் ஊர்களில் ஒப்பாரி வைக்க முறை தெரிய வேண்டும். என்னைப் பெத்த அப்பா என்றோ, கூடப் பிறந்த பொறப்பே என்றோ கூப்பிட்டுத்தான் அழ முடியும். கூப்பிட ஒரு வார்த்தை இல்லாதவள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். உட்கார்ந்திருந்தேன்.

தங்கச்செல்வியை, அதாவது அவர் மனைவியை, அதற்கு முன்பு ஒரே தடவை எடை மேடையில் பார்த்திருக்கிறேன். தூக்குச் சட்டியில் சோறு கொண்டுவந்தவள், என்னைப் பார்த்து வாங்க டீச்சர் என்று சொல்லிவிட்டு, ஆடு தனியாக நிற்கிறது என்று அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டாள். இப்போது தலை கலைந்து, நெற்றியில் அப்பிய குங்குமத்தோடும் கழுத்தில் மாலையோடும் அவர் காலடியில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது. அந்த இடத்தில், அந்த நேரத்தில் பொறாமை. அவளால் வாய்விட்டு அழ முடிகிறதே என்று.

கொட்டோடு போய் நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வந்து குளிப்பாட்டிக் கிடத்தினார்கள். கோடித் துணி போட்டார்கள். அப்போது அவருடைய அண்ணன் சின்னச்சாமி வீட்டுப் பக்கம் திரும்பி, தம்பிக்கு ஆசையான பொருள் என்ன இருக்கிறதோ எடுத்துவாருங்கள், கூட வைத்து அனுப்ப வேண்டும் என்றார். இது எங்கள் பக்கத்து வழக்கம். வெற்றிலை போடுகிறவருக்கு வெற்றிலைப் பெட்டியை வைப்பார்கள். பீடி குடிக்கிறவருக்கு ஒரு கட்டுப் பீடி. எங்கள் தெருவில் ஒருவருக்கு ரேடியோவையே வைத்து எரித்தார்கள். காளீஸ்வரனுக்கு வெற்றிலையும் கிடையாது, பீடியும் கிடையாது. அப்படியென்றால் என்னத்தை வைப்பது என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருக்கும்போது தங்கச்செல்வி எழுந்து உள்ளே போனாள். அவள் ஒரு அட்டைப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அருப்புக்கோட்டை ஜவுளிக் கடைச் சேலைப் பெட்டி.

"இதத்தான் அவுக சோறு தண்ணி இல்லாமப் பாத்துக்கிட்டே இருப்பாக. இத வைங்க" என்றாள்.

நான் எழுந்துவிட்டேன். எழுந்தது எனக்கே அப்புறம்தான் தெரிந்தது. எல்லோரும் உட்கார்ந்திருக்க நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். இப்போது சொல்லாவிட்டால் அப்புறம் சொல்ல ஒன்றுமே இருக்காது. கும்பகோணத்தில் படிக்கும்போது வாங்கியதிலிருந்து நான் சேர்த்தது அத்தனையும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. அவரோடு உட்கார்ந்து பார்த்த சாயங்காலங்களும் அதற்குள்தான் இருந்தன. வேறு எதுவும் எனக்கு யாரும் தரப்போவதில்லை. ஒரு போட்டோகூட இல்லை.

தங்கச்செல்வி நான் நிற்பதைப் பார்த்துவிட்டாள். பெட்டியோடு நேராக என்னிடம் வந்தாள்.

"டீச்சர், நீங்களும் இந்தப் படமெல்லாம் சேக்குறீகன்னு மாரிச்சாமி அண்ணன் சொன்னாரு. இதுல உங்களுது எதும் கெடக்கா? கெடந்தா எடுத்துக்கோங்க. அடுத்தவுக பொருள அனுப்பிறக் கூடாது."

இதைவிட ஒரு மனுஷி எப்படி வழிவிட முடியும்? பெட்டியை என் கையில் கொடுத்தாள். மூடியைத் திறந்தேன். மேலேயே என் படம் இருந்தது. அதற்கு அடியில் அவருடையது, அதற்கு அடியில் என்னுடையது. மேஜை மேல் வைக்கிற அதே வரிசையில் அடுக்கி வைத்திருந்தார், கடைசிவரைக்கும். என்னுடையதை எடுக்க வேண்டுமானால் அந்த நடு முற்றத்தில், அவரைக் கிடத்தியிருக்கிற இடத்துக்கு முன்னால் உட்கார்ந்து, இது அவருக்கு, இது எனக்கு, இது அவருக்கு, இது எனக்கு என்று சொத்துப் பிரிக்கிற மாதிரி பிரிக்க வேண்டும். என் பக்கம் வளர்ந்துகொண்டே போகும். என்ன முறை என்று கேட்டவள் பார்த்துக்கொண்டிருப்பாள். தங்கச்செல்வி பார்த்துக்கொண்டிருப்பாள். தன் புருஷன் சோறு தண்ணி இல்லாமல் பார்த்ததில் சரிபாதி இன்னொருத்தியுடையது என்பது அவளுக்கு இன்றைக்கே தெரிந்துவிடும். அதை வைத்துக்கொண்டு அவள் மிச்சக் காலத்தை ஓட்ட வேண்டும்.

"இல்லம்மா" என்றேன். "எல்லாம் அவுகளுதுதான்."

இதைத் தியாகம் என்று யாரும் பெரிதாக நினைக்க வேண்டாம். பாதி அவளை நினைத்துச் சொன்னது, பாதி வெட்கம். ஒரே ஒரு படத்தையாவது, இதை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் கொடுத்திருப்பாள். அந்த யோசனை பெட்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகு வந்தது. இன்றைக்குவரைக்கும் அதற்காக என் தலையில் நானே அடித்துக்கொள்கிறேன்.

சின்னச்சாமி பெட்டியை வாங்கி, சோளத்தட்டையை அள்ளுகிற மாதிரி கை நிறைய அள்ளினார். நாங்கள் ஓரத்தை மட்டும் பிடித்து, விரல் ரேகை படாமல் எடுக்கிற படங்கள். மாலைக்கு அடியிலும் கைக்கு அடியிலும் இடுப்புப் பக்கமும் செருகினார். மூலைகள் மடங்கின. யாரோ பன்னீர் தெளித்தார்கள். ஒரு படம் கீழே விழுந்தது. முகம் தெரியாத ஒருவர் அதை எடுத்து, என்ன ஏது என்றுகூடப் பார்க்காமல், நெஞ்சு மேல் வைத்தார். பிறகு தூக்கினார்கள்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தெரு முக்குவரைக்கும் மாரடித்துக்கொண்டு போனோம், அதற்கு மேல் ஆண்களும் கொட்டும் போய்விட்டார்கள். கருவேலங்காட்டுக்குப் பின்னால் கொட்டுச் சத்தம் குறைந்துகொண்டே போனது. உறவுக்காரப் பெண்கள் குளிக்கப் போனார்கள். அசலார் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். நானும் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் புகை வருகிற வரைக்கும் அங்கேயே நின்றேன். ஈர விறகு போலிருக்கிறது, ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தது. அட்டைகள் முதலில் எரிந்திருக்கும். அது அத்தனை பழசு, நிமிஷத்தில் பிடித்துக்கொள்ளும்.

சொல்லிக்கொண்டு போகக் கூடாத வீடு. ஆனாலும் பையை எடுக்கத் திரும்பிப் போனேன். கழுவிவிட்ட வீட்டுக்குள் தங்கச்செல்வி ஈரத் தலையோடு சுவரில் சாய்ந்து தனியாக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள். கேதம் விசாரிக்க வந்தவர்கள் பிடிக்கிற மாதிரி நானும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒரு நாள்கூட என்னயப் பாக்கக் கூப்புட்டதில்ல டீச்சர்" என்றாள். "நானும் போயி என்னன்னு பாத்ததில்ல. இன்னைக்குப் பெட்டியத் தூக்குறப்பக்கூடத் தொறந்து பாக்கணும்னு தோணல. அப்படி என்னதான் இருந்துச்சு அதுல?"

கடல் என்றேன். கடலா என்று கேட்டாள். கடல்தான், வேறு தேசத்துக் கடல் என்றேன். எப்படி இருக்கும், சொல்லுங்கள் என்றாள்.

சொன்னேன். வெள்ளைப் பாறையும் பாய்மரப் படகும் இருக்கிற முதல் படத்தைச் சொன்னேன், அது அவர் லாரி ஓட்டும்போது வாங்கியது, பிறகு மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து எடுத்துப் பெட்டியில் சேர்த்தது. குதிரைகள் தண்ணீருக்குள் இறங்கி வலைப் படகைக் கரைக்கு இழுத்துவருகிறதைச் சொன்னேன். துவைத்த துணிகளைப் பாறை மேல் காயப்போட்டுவிட்டு ஒரு பொம்பிளை கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற படம் ஒன்று. சின்னக் கோயில் மாதிரி ஒன்று கரையில் தனியாக நிற்க, மேகம் இறங்கி வருகிற படம் ஒன்று. தங்கச்செல்வி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒன்று முடிந்ததும் இன்னொன்று சொல்லுங்கள் என்பாள். பெட்டிக்குள் இருந்த வரிசை எனக்கு அப்படியே மனசில் இருந்தது. அவருடையதைச் சொல்வேன், அடுத்ததைத் தாண்டுவேன், அதற்கடுத்ததைச் சொல்வேன். என்னுடையதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அது ஒன்றுதான் எனக்கு மிச்சம்.

கடைசியாக அவர் வாங்கியது, ஆளும் இல்லாமல் படகும் இல்லாமல் தண்ணீரும் வானமும் மட்டும் இருக்கிற சாம்பல் நிறப் படம். அதையும் சொல்லி முடித்தேன்.

"இன்னொன்னு சொல்லுங்க" என்றாள்.

"அம்புட்டுத்தான்மா" என்றேன்.

"பெட்டி நெறைய இருந்துச்சே டீச்சர்."

அவள் கண்ணைத் திறந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெளியே சுடுகாட்டுக்குப் போனவர்கள் கால் கழுவுகிற சத்தம் கேட்டது. தங்கச்செல்வி என் கையை விடவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"சரி. மிச்சத்த நீங்களே வச்சுக்கோங்க" என்றாள்.